ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி 41,300 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது 2009 சான்ட்ரோ ஜிங். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது, நடுவழியில் நின்றதே இல்லை. போன மாதம் செங்கல்பட்டிலிருந்து வரும்போது பெருங்களத்தூர் நெரிசலில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டு, ஆறிய பிறகு மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள், போனில் புக் பண்ணினால் வீட்டுக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துப் போகும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் திண்ணையில் ஏறினார். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்பாவிடம், "இந்த வண்டியை மட்டும் வித்துடாதீங்கப்பா, நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அப்பா எழுந்து போய் அவருக்குக் காபி போடச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் விழுந்தோம்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கழற்றிய ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பாகம், ஒன்றின் படம் வந்தது. "கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை லேத்துல ஃபேஸிங் போடணும், அதோட டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாத்திடலாம்" என்றார். கேஸ்கெட் என்பது ஹெட்டுக்கும் இன்ஜினின் அடிப்பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, ஃபேஸிங் என்றால் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது, டைமிங் பெல்ட் என்பது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட். ஹெட்டை இறக்கும்போது பெல்ட்டை எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும், சேர்த்து மாற்றினால் கூலி மிச்சம், அது நியாயமான பேச்சு. அதனால் நம்பினேன். 41,300 ரூபாய், முழுசாக ஆப்பிலேயே கட்டினேன். பழைய பாகங்களைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வண்டி வந்து ஒன்பது நாள், மழை, ஏசி போடவில்லை, ரயில் நிலையம் வரை மட்டும்தான் ஓட்டினேன். பத்தாம் நாள் அம்மாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போகும்போது அதே பெருங்களத்தூர், அதே முள்.

இந்த முறை தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடச் சொன்னார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேவைப் பிடுங்கிக் காட்டினார், ஒரு கால் கருகி பிளாஸ்டிக் உருகியிருந்தது. மாற்றியதும் ஃபேன் சுற்றியது. கூலியோடு 450 ரூபாய். அப்புறம் டைமிங் கவரைத் திறந்தார். புது பெல்ட் என்று பில் போட்டார்களே, அதன் முதுகு முழுக்க வெடிப்பு, எழுத்தெல்லாம் அழிந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. ஹெட்டை இறக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டிய சைலன்சர் பைப் நட்டுகளில் பல வருடத் துரு அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஹெட்டை இறக்கவே இல்லை! எவனோ ஒருவன் வண்டியின் படத்தை அனுப்பி 41,300 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெல்ட் நெடுஞ்சாலையில் அறுந்திருந்தால்? குழந்தை உள்ளே இருந்ததே.

ஆப்பில் புகார் போட்டேன். 48 மணி நேரத்தில் பதில் என்றார்கள். நான்காம் நாள், "வெளி மெக்கானிக் திறந்ததால் வாரன்டி செல்லாது" என்று ஒரு வரி. மறுபடி கேட்டால் வேறு பெயரில் வேறு ஒருவர் முதலிலிருந்து கதை கேட்கிறார். வந்தவருக்கு போன் செய்தால் முதலில் "ஊர்ல இல்லை சார்", இப்போது மணியே அடிப்பதில்லை. கடைசியாக அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். என் 41,300 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன்! அப்பா இதுவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. சூடேறினால் முதலில் ஏசி போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கேஸ்கெட் என்று சொன்னால் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் கலந்திருந்தால் பால் காபி நிறத்தில் இருக்கும், எங்கள் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்தது. படத்தை நம்பாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டாதீர்கள். பெல்ட் படங்களையும் பில்லையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. நாளைக் காலை மெக்கானிக் அண்ணனிடம் எழுத்தில் வாங்கப் போகிறேன்.