ஒற்றைக் கோடு சிக்னலில் வயல் வீடியோ: எச்.264, எச்.265, ஏவி1

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்கட வயல். நெல்லில் தத்திப் பூச்சி விழுந்தால் அதின்ர அடித்தண்டைப் படம்பிடித்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்புவேன். குளக்கட்டில் ஏறினால்தான் ஒற்றைக் கோடு சிக்னலாவது வரும். அதில் ஒரு நிமிட வீடியோ போய்ச்சேர, நொடிக்கு 100 கிலோபிட்டுக்குள் அடக்க வேணும். முழுக் கோப்பும் 750 கிலோபைட்தான்.

வீடியோவைச் சுருக்கப் பல முறைகள் இருக்கு. முதலில் எச்.264 என்ற முறையில் அனுப்பினேன். "தம்பி, எல்லாம் பச்சையாத்தான் கிடக்கு, பூச்சி எங்கை?" என்று கேட்டார். 2003இல் வந்த இந்த முறை படத்தை 16க்கு 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, முந்திய படத்திலிருந்து மாறினதை மட்டும் எழுதும். கரும்பலகைப் பாடத்துக்கு அது தாராளம். வயலில் காற்றடித்தால் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பக்கம் ஆடும். இருக்கிற பிட் எல்லாம் அந்த ஆட்டத்துக்கே செலவாகி, தண்டிலிருக்கும் தத்தி சதுரத்துக்குள் கரைந்துபோகும்.

2013இல் வந்த எச்.265 சதுரத்தை 64 வரை பெருப்பிக்கும், தேவையான இடத்தில் சிறிதாக வெட்டும். அதே தெளிவுக்கு ஏறக்குறையப் பாதி டேட்டா போதும். 2018இன் ஏவி1 இன்னும் சிக்கனம், உரிமக் கட்டணமும் இல்லை. தண்டின் விளிம்பு அதில்தான் குலையாமல் நிற்கிறது. ஆனால் சுருக்க நெடுநேரம் எடுக்கும். பழைய போன்களில் ஏவி1ஐ விரிக்கிற வன்பொருள் இல்லை, அதனால் பிராசசரே முழுப்பாரத்தையும் சுமக்கும். படம் தடக்கும், பற்றரி சூடாகும். பார்ப்பவரின் போனில் ஓடாத சிக்கனம் எனக்குப் பிரயோசனமில்லை.

ஆகவே நான் திரும்பவும் எச்.264க்கே வந்தேன், படம்பிடிக்கிற விதத்தை மாற்றிக்கொண்டு. வெள்ளைப் பசளைப் பையைத் தண்டுக்குப் பின்னால் பிடித்து, ஆடுகிற தாள்களை மறைத்தேன். போனைத் தடியில் கட்டினேன். நொடிக்கு 25 படத்தை 8 ஆக்கினேன். தத்தி ஓடித்திரிகிற பூச்சியல்ல, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று மடங்கு பிட் கிடைத்தது. இந்தமுறை தண்டில் ஒட்டியிருந்த கபிலநிறத் தத்திகளை எண்ணவே முடிந்தது. போதனாசிரியரின் போன் புதியதென்றால் இதே காட்சியை எச்.265இல் அனுப்புவேன்.

ஒலிக்கு நொடிக்கு 16 கிலோபிட் ஒதுக்கினால் போதும். ஓப்பஸ் என்ற ஒலிச் சுருக்க முறை அந்த அளவில் பேச்சைத் தெளிவாகவே தரும்.

வட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது தானும் ஒருக்கால் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கோ.