ஊசி எந்தக் கையில போட்டாங்க?

இந்தத் தடவை ஊருக்குப் போனது கோயில் கொடைக்கு இல்லை, சித்திக்காக. நியூஜெர்சியில் கிளம்பி மும்பை, சென்னை வழியாகத் தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கினேன். வாகைக்குளத்தில் காரோடு நின்ற மாமா பையன் பெட்டியைக்கூட வாங்காமல் சொன்னான்: "அண்ணே, வலது பக்கமும் இருக்காம்."

சித்திக்கு வயது 63. கல்லிடைக்குறிச்சியில் தனி வீடு, பின்னால் தொழுவம். இப்போது மாடு இல்லை. இடது மார்பில் ஒரு கட்டி. ஊசி விட்டு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. வேறு எங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க, உடம்பு முழுக்கப் படம் எடுக்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அதில் வலது அக்குளில் ஒரு நெறி, அதாவது நிணநீர்க் கணு, பளிச்சென்று எரிந்திருக்கிறது. இடது மார்பில் வந்த நோய் இடது அக்குளுக்குப் போவது வேறு; எதிர்ப்பக்கம் போய்விட்டால் அதை நான்காம் நிலை என்று எழுதுவார்கள். அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே அங்கே மாறிவிடும். மூன்று நாளாக வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சித்தி மட்டும் சொதி வைத்து என்னை உட்கார வைத்துப் பரிமாறினாள்.

ஸ்கேன் எடுத்த அன்று நடந்ததை அவளிடமே கேட்டேன். அந்த மையத்தின் பெயர் வேண்டாம்.

காலையில் வெறும் வயிறு. பச்சைத் தண்ணீர் மட்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். உள்ளே செலுத்துவதே கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரைதான். புற்றுச் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம் என்பதால் அது அங்கே போய்ச் சேரும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை கூடியிருந்தால் இரண்டும் போட்டி போடும், படம் மங்கும். அந்த மருந்து வெளியூரிலிருந்து காரில் வருகிறது. அதிலுள்ள ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க ஐசோடோப்பு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நான்கு மணி நேரச் சாலைப் பயணம் என்றால் கிளம்பியதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் வந்து சேரும். அன்று வண்டி தாமதம். எட்டு மணிக்கு வரச் சொன்னவர்களைப் பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். வந்ததும் ஒரே அவசரம், ஒருவர் பின் ஒருவராகக் குத்தியிருக்கிறார்கள்.

"ஊசி ஏத்தும்போது சுள்ளுன்னு எரிஞ்சுது எய்யா. சொன்னேன். கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் ஆச்சின்னுட்டான். அப்பொறம் ஒரு மணி நேரம் இருட்டு ரூம்புல பேசாம இருக்கணும்னு சொல்லிட்டான். பேசாம எப்படி இருக்க?"

பேசினால் தொண்டைத் தசை அந்தச் சர்க்கரையைக் குடித்துவிடும், படத்தில் அதுவும் எரியும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. சித்தியை ஒரு மணி நேரம் பேசாமல் வைத்தார்கள் என்பதற்கு அந்த மையத்தைப் பாராட்டலாம். வேறு எதற்கும் பாராட்ட முடியவில்லை. மாலையில் முழங்கை மடிப்பில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம் இருந்ததாம். ஐஸ் வைத்தாளாம். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டணம் 18,000 ரூபாய். ரசீது ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் பாளையங்கோட்டையில் வேறொரு அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்கப் போனோம். வண்ணாரப்பேட்டை நெரிசலில் முக்கால் மணி நேரம் போயிற்று. நம்மூர் வைத்தியச் செலவில் பாதி நேரச் செலவு அந்த ரவுண்டானாவில்தான். மருத்துவர் அம்மா அறிக்கையைப் படித்தார், மூடினார், சித்தியிடம் கேட்டார்: "ஊசி எந்தக் கையில போட்டாங்கம்மா?"

"வலது கையில."

"வீங்குச்சா?"

சித்தி நெல்லிக்காய்க் கதையைச் சொன்னாள். மருத்துவர் குறுந்தகட்டை வாங்கிக்கொண்டு மாடியில் இருந்த அணு மருத்துவப் பிரிவுக்கு எங்களை அனுப்பினார். அங்கே இருந்த இளம் மருத்துவர் படத்தை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். மருந்து ரத்த நாளத்துக்குள் முழுதாகப் போகாமல் சதைக்குள் கசிந்திருக்கலாம். சதையில் கசிந்ததை நிணநீர்க் குழாய் உறிஞ்சி மேலே கொண்டுபோகும். கையிலிருந்து மேலே போனால் முதலில் நிற்கும் இடம் அதே பக்கத்து அக்குள். அங்கே நெறி எரியும், நோய் இல்லாமலேயே. "அப்ப முழங்கையும் எரியணுமே, படத்தில் ஏன் இல்லை?" என்று கேட்டேன். பெட் ஸ்கேனில் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். ஊசி போட்ட இடம் பெரும்பாலும் படத்தின் எல்லைக்கு வெளியே போய்விடும். குற்றம் நடந்த இடம் படத்தில் இல்லை, அதன் விளைவு மட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். கட்டி எவ்வளவு சர்க்கரை குடித்தது என்று அறிக்கையில் ஓர் எண் போடுவார்கள், எஸ்யூவி என்று. உடம்புக்குள் எவ்வளவு மருந்து போனது என்ற கணக்கை வைத்துத்தான் அந்த எண் வரும். ஒரு பங்கு முழங்கையிலேயே தங்கிவிட்டால் கட்டியின் எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆறு மாதம் கழித்துச் சரியாக ஊசி போட்டு மறுபடி எடுத்தால், வளராத கட்டியும் வளர்ந்த மாதிரி தெரியும். இது எனக்கு வலது அக்குளைவிடப் பெரிய அதிர்ச்சி. அந்த எண்ணைப் பார்த்துத்தானே மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்?

மறுபடி பெட் ஸ்கேன் வேண்டாம் என்றார்கள். வலது அக்குளில் அல்ட்ராசவுண்ட் பார்த்து, மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். நோய் இல்லை. அந்தத் தாளை வாங்கிய அன்றைக்கு மாமா பையன் டவுனுக்கு வண்டியை விட்டு, மாலை அல்வா வரிசையில் நின்று அரைக் கிலோ வாங்கி வந்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை மீண்டும் அதே மாடி. இடது அக்குளில் நோய் எட்டியிருக்கிறதா என்று பார்க்க, எல்லா நெறியையும் வழித்தெடுக்காமல், மார்பிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் காவல் நெறியை மட்டும் எடுத்துச் சோதிப்பது. அதைக் கண்டுபிடிக்க டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த நுண்துகள் திரவத்தை மார்புக் காம்பைச் சுற்றித் தோலுக்கடியில் போடுவார்கள். இளம் மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்குக் கையில தப்பா நடந்தது எதுவோ, அதைத்தான் இன்னைக்கு வேணும்னே செய்யப் போறோம். சதையில விட்டா நெறிக்குப் போகும்."

அங்கே வேலை பார்த்த தம்பி நாகர்கோவில்காரர். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். டெக்னீசியத்தைத் தினமும் வெளியிலிருந்து வாங்குவதில்லை. ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம்-99 இருக்கும் ஒரு சாதனம் வாரம் ஒருமுறை வரும். மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீரை விட்டு அதைக் கழுவி எடுத்தால் அன்றைய மருந்து. "நாங்க பசுன்னுதான் சொல்லுவோம். காலையில கறப்போம். திங்கக்கிழமை நிறைய கறக்கும், சனிக்கிழமை வத்திரும்." சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பது வருடம் மாடு வைத்திருந்தவள். ஒரு வேளை கறந்தபின் மறுபடி மடி ஊற எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஒரு நாள் விட்டால் திரும்ப நிறைந்துவிடும் என்றார் தம்பி. அவளுக்கு அணு மருத்துவம் அதற்குமேல் விளங்க ஒன்றுமில்லை.

மருந்தை எடுத்துவந்தது ஈயச் சட்டியில். சித்தி வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம். கையில் வாங்கிப் பார்த்தேன், கனம் தோளை இழுத்தது. ஊசிக்குழலை ஒரு கிணறு போன்ற அளவியில் இறக்கி எண்ணைப் பார்த்து நேரத்தோடு எழுதினார். ஊசி போட்ட பிறகு அதே குழலை மறுபடி இறக்கி, மிச்சம் ஒட்டியிருப்பதையும் எழுதிக் கழித்தார். பிறகு சித்தி கேட்காமலேயே, "சாதாரணமா நாளத்துல ஊசி போடுற ஆளுங்களுக்கு நாங்க இதையும் செய்வோம்" என்று கையடக்க மீட்டர் ஒன்றை அவள் முழங்கைக்கு அருகே கொண்டுபோய்க் காட்டினார். போட்ட இடத்தில் எண் உயர்ந்து, மறு கையில் குறைந்திருந்தால் கசிவு என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. முதலில் நாளத்துக்குள் கேனுலா என்ற சிறு குழாயைப் போட்டு, வெறும் உப்புத் தண்ணீரை விட்டு வழி சரியா என்று பார்த்தபின்தான் மருந்து என்பது அவர்கள் வழக்கம். மூன்று நாள் பட்டினி இந்த அரை நிமிடத்தில் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. அங்கே அணு ஒழுங்குமுறை ஆணையம் 1980இல், இப்படிக் கசிவதை அறிக்கை தரவேண்டிய மருத்துவத் தவறுகளின் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று விலக்கு கொடுத்தது. 2020இல் அதை மாற்றக் கேட்டு மனு போனது. அதற்குப் பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. இதில் வேடிக்கை, மனித உடம்பில் கதிரியக்கத் தடத்தை அளந்த முதல் வேலையே கையில்தான் நடந்தது. 1920களில் பாஸ்டனில் ஹெர்மன் புளும்கார்ட் ஒரு கையில் ஊசி போட்டு, மறு கைக்கு அது எத்தனை நொடியில் வருகிறது என்று அளந்தார். கையை அளப்பதில் தொடங்கிய தொழில், அப்புறம் கையை மறந்துபோனது.

அறுவை அரங்கில் நடந்ததை மருத்துவர் அம்மா பிறகு சொன்னார். பேனா போன்ற ஒரு கருவியை அக்குளில் நகர்த்துவார்கள்; மருந்து தங்கிய நெறியை நெருங்கினால் சில்வண்டு மாதிரி சத்தம் கூடும், திரையில் எண் ஏறும். எடுத்த நெறியை வெளியே வைத்து அளப்பார்கள். பிறகு எடுத்த இடத்தை அளப்பார்கள். அதிகம் எரிந்த நெறியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே எண் இறங்கும்வரை தேடல் நிற்காது. சித்திக்கு இரண்டு நெறி எடுத்தார்கள். உறையவைத்து உடனே பார்த்ததில் இரண்டும் சுத்தம். அக்குள் முழுவதையும் வழிக்க வேண்டியிருக்கவில்லை. கை வீங்கும் தொல்லைக்கு வாய்ப்பு குறைவு. தண்ணீர் சுமக்கிற கை அது.

கூடவே நீலச் சாயமும் போட்டிருந்தார்கள். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இந்த மருத்துவமனை மேல் எனக்குள்ள ஒரே குறை அதுதான். மறுநாள் காலை சிறுநீர் பச்சையாக வந்ததும் சித்தி நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏ தாயி, இங்கன வந்து பாரு, கூடங்குளம் வந்துட்டு" என்றாளாம்.

வீட்டுக்கு வந்த அன்று எதிர்வீட்டு அக்கா பேரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கூடங்குளம் எங்கள் மாவட்டம் என்பதால் கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு இங்கே ஒரு சரித்திரம் உண்டு. டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், ஊசி போட்டு நாலு நாள் ஆகிவிட்டது, இப்போது ஒன்றுமே மிச்சமில்லை என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். அக்கா நம்பவில்லை. சித்தி உள்ளேயிருந்து, "பால் வத்திட்டு, பயப்படாம வா" என்றாள். வந்தாள்.

கிளம்பும் முன் முதல் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஊசி போட்டபின் கையை அளந்து அந்த எண்ணை அறிக்கையில் எழுதுங்கள், ஊசி எந்தக் கை என்பதையும் எழுதுங்கள் என்று மட்டும். மேலாளர் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஆறு மாதத்தில் அடுத்த ஸ்கேனுக்கு வரவேண்டியிருக்கும் என்பதால், பழைய குறுந்தகட்டின் உறைமேல் கொட்டை எழுத்தில் "வலது கை, கசிந்தது" என்று எழுதி, தேதி போட்டு, சித்தியின் ரேஷன் கார்டு வைக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.