ஒரே வரியில் கொட்டேஷன் வாங்கி கேஸ் லைன் போட்ட வீடு: ஏமாறாமல் இருக்கப் படியுங்கள்

"கேஸ் குழாய் வேலை, மீட்டருக்கு இவ்வளவு, பொருள், கூலி எல்லாம் சேர்த்து." ஒரு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கொட்டேஷனில் இருந்தது இந்த ஒரு வரிதான். நீளம் பதினான்கு மீட்டர். மூன்று கொட்டேஷன்களில் இதுதான் மலிவு. வேலை முடிந்தபோது, பேசிய தொகை 100 என்றால் அவர் கொடுத்திருந்தது 170. அதற்குப் பிறகு அந்த லைன் மொத்தத்தையும் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. எங்கெங்கே ஏமாற்றினார்கள், எந்த இடத்தில் பிடித்திருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

அவர் கேட்டது பெரிய வேலையில்லை. நான்கு பர்னர் அடுப்பு, ஓவன், உடனடியாக வெந்நீர் தரும் கீசர், இந்த மூன்றுக்கும் இயற்கை எரிவாயு இணைப்பு. அடுப்பு 10 கிலோவாட், ஓவன் 3, கீசர் 24, ஆக 37 கிலோவாட். இந்த எண்கள் ஒவ்வொரு சாதனத்தின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு சுமார் 10.5 கிலோவாட்-மணி வெப்பம் தரும். 37-ஐ 10.5-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 3.5 கன மீட்டர். கணக்கு இவ்வளவுதான். குழாய் போட வந்த ஆள் டேப் வைத்து நீளம் அளந்தார். தகட்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

குழாயின் அளவை முடிவு செய்வது மூன்று: எவ்வளவு கேஸ் ஓட வேண்டும், எவ்வளவு தூரம், வழியில் எவ்வளவு அழுத்தம் இழக்கலாம். 21 மில்லிபார் (கேஸ் அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் வரும் வீட்டு இணைப்பில், கேஸ் மீட்டரிலிருந்து சாதனம் வரை 1 மில்லிபாருக்கு மேல் இழக்கக் கூடாது என்பது பல இடங்களில் பின்பற்றும் வரம்பு. தூரம் என்றால் டேப் காட்டும் தூரம் மட்டுமில்லை. ஒவ்வொரு எல்போவும் (வளைவு இணைப்பு) டீயும் (மூன்று வழி இணைப்பு) ஓட்டத்தைத் தடுக்கும்; சிறிய அளவுக் குழாய்களில் ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் சேர்த்துக்கொள்வது வழக்கம். இந்த வீட்டில் அப்படிப் பன்னிரண்டு. 14 மீட்டரோடு 6 சேர்த்து 20 மீட்டர்.

இருபது மீட்டர் செம்புக் குழாயில், 1 மில்லிபார் இழப்புக்குள் 15 மிமீ குழாய் மணிக்கு ஏறத்தாழ 0.95 கன மீட்டர்தான் கடத்தும். 22 மிமீ 2.9. 28 மிமீ 5.9. தேவையோ 3.5. ஆகவே கீசருக்குப் பிரியும் இடம்வரை 28 மிமீ வேண்டும். அதற்கப்பால் அடுப்பு, ஓவன் பக்கம் 22 போதும். போட்டது என்ன? கண்ணில் படும்படி கேஸ் மீட்டர் பக்கத்தில் இரண்டு மீட்டர் 22 மிமீ. சுவருக்குள் நுழைந்ததும் முழுக்க 15 மிமீ. "மீட்டருக்கு இவ்வளவு" என்ற வரியில் குழாயின் அளவு எழுதப்படவில்லை, அதனால் வாக்கு மீறினார் என்றுகூடச் சொல்ல முடியாது.

வேலை முடிந்த அன்று குழாய் போட்டவர் காட்டிய சோதனை கெட்டிக்காரத்தனமானது. அடுப்பை மட்டும் நான்கு பர்னரும் முழுதாகத் திறந்து, "பாருங்க சார், எப்படி நீலமா எரியுது" என்றார். எரியாமல் என்ன செய்யும்? அடுப்பு மட்டும் என்றால் தேவை 0.95 கன மீட்டர்தான், 15 மிமீ குழாயின் எல்லைக்குள் சரியாக அடங்கிவிடும். கீசர் ஓடும்போது அடுப்பின் தீ சுருங்குவதை வீட்டுக்காரர் கவனித்தது பிறகுதான். மூன்றையும் முழு வேகத்தில் ஓடவிட்டு கீசரின் நுழைவில் வேறொரு ஃபிட்டர் அழுத்தம் அளக்கும் மனோமீட்டர் வைத்துப் பார்த்தபோது 13 மில்லிபார்தான் இருந்தது. குறைந்த அழுத்தத்தில் பர்னர் சரியாக எரியாது. சிறிய தீ அணையலாம், கீசர் பற்றிப் பற்றி நின்றுபோகும். எனவே யார் வேலை செய்தாலும், வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் முழுதாக ஓடும்போது எடுத்த அழுத்த அளவு எழுத்தில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதை மறுப்பவரிடம் பேச வேறொன்றும் இல்லை.

புகார் சொன்னதும் அவர் தந்த யோசனை இன்னும் மோசம். ரெகுலேட்டரின் ஸ்க்ரூவைத் திருகி அழுத்தத்தை ஏற்றித் தருகிறேன் என்றார், அதற்கும் தனிக் காசு. ரெகுலேட்டரில் சீல் இருப்பது சும்மா இல்லை. எல்லாம் ஓடும்போது போதவேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால், ஒரு பர்னர் மட்டும் எரியும்போது அழுத்தம் அளவுக்கு மீறும். தீ பர்னரை விட்டு எழும்பும், காற்று போதாமல் கரி படியும், கார்பன் மோனாக்சைடு உருவாகும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. குழாய் சிறியது என்றால் மருந்து ஒன்றே ஒன்று, பெரிய குழாய்.

அடுத்த பறிப்பு கேஸ் மீட்டரில். வீட்டில் இருந்தது ஜி1.6 வகை, அது அதிகபட்சம் மணிக்கு 2.5 கன மீட்டர்தான் தரும். ஜி2.5 என்றால் 4, ஜி4 என்றால் 6. 3.5 தேவைப்படும் வீட்டுக்கு ஜி1.6 போதாது என்பது முதல் நாளே, மீட்டரின் முகப்பைப் படித்தாலே தெரிந்திருக்கும். குழாய் எல்லாம் போட்ட பிறகு இதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்போலச் சொல்லி, "கம்பெனியில் பேசி மாற்றித் தருகிறேன்" என்று ஒரு தொகை வாங்கினார். கேஸ் மீட்டரை மாற்றுவது விநியோக நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். விண்ணப்பம் நீங்கள் கொடுங்கள், கட்டணத்தை நேரே நிறுவனத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். மாற்றிக் கிடைக்க நாளாகும் என்பதால், குழாய் வேலைக்கு ஆள் தேடும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

இப்போது அந்தக் கூடுதல் 70 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எல்போ, டீ, வால்வு, கிளாம்ப் எல்லாம் "மீட்டர் கணக்கில் வராது". சுவர் துளைக்கத் தனி. துளைத்த இடத்தைப் பூசத் தனி. அளக்கும்போது வளைவுகளுக்கும் நீளம் சேர்த்து பதினான்கு மீட்டர் பதினெட்டானது. (அளவு தேர்ந்தெடுக்கும்போது மறந்த அந்த எல்போ நீளம், பில் போடும்போது மட்டும் நினைவுக்கு வந்துவிட்டது.) சோதனைக்குத் தனி, பெயின்ட்டுக்குத் தனி. உண்மையில் ஒரு வீட்டு வேலையில் குழாயின் விலை சின்னப் பங்குதான். ஃபிட்டிங்ஸ், கூலி, சுவர் வேலை, சோதனை, அனுமதி இவைதான் பணத்தைத் தின்னும். இவற்றை எழுதாமல் விட்டால் எந்தக் கொட்டேஷனும் மலிவாகத்தான் தெரியும்.

ஆகவே கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும்? முதலில் ஒரு படம்; கையால் வரைந்தது போதும். கேஸ் மீட்டர், ஒவ்வொரு சாதனம், ஒவ்வொரு திருப்பம், ஒவ்வொரு துண்டின் நீளமும் விட்டமும் அதில் குறித்திருக்க வேண்டும். பக்கத்திலேயே கிலோவாட் கணக்கு. பிறகு பொருள் பட்டியல்: குழாயின் வகை, கனம், எத்தனை எல்போ, எத்தனை டீ, எத்தனை வால்வு, எத்தனை கிளாம்ப். அரை அங்குல இரும்புக் குழாய் கிடையாக ஓடினால் சுமார் 1.8 மீட்டருக்கு ஒரு தாங்கி வேண்டும். பட்டியலில் இரண்டே கிளாம்ப் இருந்தால் குழாய் தொங்கப்போகிறது என்று அர்த்தம். அதன் பின் சுவர்த் துளை, ஸ்லீவ் (சுவருக்குள் கேஸ் குழாயைச் சுற்றி வரும் உறைக் குழாய்), பூச்சு, சோதனை, அனுமதிக் கட்டணம், சாதனங்களை இணைத்து ஓட்டிக் காட்டுவது. கீசர் இருந்தால் புகைபோக்கி யார் பொறுப்பு என்பதும். பட்டியலில் இல்லாத வேலைக்கு எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் காசு கிடையாது என்ற ஒரு வரியைச் சேருங்கள். உங்கள் பக்கம் 10 முதல் 15 சதவீதம் தனியே எடுத்து வையுங்கள், பழைய சுவரோ மண் தோண்டுவதோ இருந்தால் 20. அதைப் பற்றி ஒப்பந்தக்காரரிடம் மூச்சு விடாதீர்கள்.

பின்னால் இன்னொரு சாதனம் வரும் என்று தோன்றினால் அந்தச் சுமையை இப்போதே கணக்கில் சேர்த்து, ஒரு டீ போட்டு, வால்வு வைத்து முனையை மூடி போட்டு அடைக்கச் சொல்லுங்கள். ஒரு அளவு பெரிய குழாய்க்கு இப்போது ஆகும் கூடுதல் கொஞ்சம். மறுபடி சுவரை உடைக்க ஆகும் செலவு கொஞ்சமில்லை.

சுவரைத் திறந்தபோது வெளிவந்தவை வேறு கதை. பூச்சுக்குள் ஒரு யூனியன் புதைந்திருந்தது. கழற்றி மாட்டும் இணைப்பு எதுவும் சுவருக்குள் போகக் கூடாது. அது கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குழாய் ஸ்லீவ் இல்லாமல் நேரே சிமென்ட்டில் பதிந்திருந்தது. ஸ்லீவ் போட்டு, வீட்டின் உள்பக்க முனையை அடைத்து, வெளிப்பக்கத்தைத் திறந்து விட்டால்தான் கசிந்த கேஸ் வெளியே போகும். இல்லையென்றால் சுவரின் இடுக்குகளில் தேங்கும். மரைகளில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப், அதுவும் முதல் மரையிலிருந்தே. கேஸுக்கென்று தடித்த டேப்போ பேஸ்ட்டோ தனியே உண்டு. டேப் சுற்றினால் முனையில் ஒன்றிரண்டு மரையை விட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பிய்ந்த துணுக்கு உள்ளே போய் கேஸ் வால்வை அடைக்கும். வெட்டிய குழாயின் உள்விளிம்பையும் யாரும் ராவவில்லை.

இவ்வளவு கோளாறோடு பிரஷர் டெஸ்டில் எப்படித் தேறியது? 10 பார் வரை காட்டும் டயல் கேஜ் மாட்டி, 1 பார் காற்று ஏற்றி, ஐந்து நிமிடம் முள் நகரவில்லை என்று காட்டினார். அந்த கேஜில் இரண்டு கோடுகளுக்கு இடையே 0.2 பார், அதாவது 200 மில்லிபார். அதில் பாதி இறங்கினாலும் கண்ணுக்குத் தெரிவது சந்தேகம். வீட்டு லைனின் கசிவைப் பிடிக்க மில்லிபார் காட்டும் கருவி வேண்டும்; பழைய யூ வடிவத் தண்ணீர் மனோமீட்டரே போதும், அதில் 1 மில்லிபார் குறைந்தால் இரு பக்கத் தண்ணீர் மட்ட வித்தியாசம் சுமார் 10 மில்லிமீட்டர் குறையும். பிறகு வந்த ஃபிட்டர் அதைத்தான் மாட்டினார். 20 மில்லிபாரில் நிறுத்தியதும் தண்ணீர் இறங்குவது பார்க்கும்போதே தெரிந்தது.

இதில் வெயிலும் ஒரு கள்ளத்தனம் செய்யும். மூடிய குழாய்க்குள் காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 3.5 மில்லிபார் ஏறும். வெளிச்சுவரில் வெயில் ஏறும் நேரத்தில் சோதித்தால், கசிவு தின்றதைச் சூடு ஈடுகட்டிவிடும். நிழலில் சோதியுங்கள், காற்று ஏற்றியதும் சில நிமிடம் சீராக விட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் பகுதி விதி சொல்லும். சோதனைக்குக் காற்று அல்லது நைட்ரஜன் மட்டுமே, ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. அதிக அழுத்தத்தில் சோதிக்கும்போது சாதனங்களைக் கழற்றி வைக்க வேண்டும், அவற்றின் உள்வால்வு தாங்காது. பூசி மூடும் முன் ஒரு சோதனை, எல்லாம் இணைத்த பின் ஒன்று, ஆக இரண்டு. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், பிறகு துடைத்துவிடுங்கள். தீக்குச்சி காட்டுபவரை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள்.

சிலிண்டர் கேஸ் பயன்படுத்தும் வீட்டுக்கு மேலே சொன்ன விட்டக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிலிண்டர் கேஸில் இருக்கும் புரொப்பேன் கன மீட்டருக்கு இயற்கை எரிவாயுவைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தரும், காற்றைவிடக் கனமாதலால் கசிந்தால் தரையில் தங்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் பர்னர் ஜெட்டையும் (கேஸ் வெளிவரும் துளையுள்ள முனை) மாற்ற வேண்டும். அதுவும் கொட்டேஷனில் வர வேண்டிய செலவு.

பணம் கொடுக்கும் முறையில்தான் வீட்டுக்காரர் பிடியை முழுக்க விட்டார். பாதி அட்வான்ஸ், மீதி குழாய் போட்டு முடித்ததும். சோதனைக்கு முன்பே கை காலி. நீங்கள் இப்படிக் கொடுங்கள்: பொருள் வந்து இறங்கி, விட்டத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மூன்றில் ஒரு பங்கு. பூசும் முன் நடக்கும் சோதனையில் தேறிய பிறகு அடுத்த பங்கு. கடைசி 20 சதவீதமாவது சான்றிதழும் முழுச் சுமையில் எடுத்த அழுத்த அளவும் கையில் வந்த பிறகு. சுவர் மூடும் முன் குழாய் ஓடும் வழியை அளவு நாடா தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். இந்த வீட்டுக்காரரிடம் போட்டோவும் இல்லை, சான்றிதழும் இல்லை. பிறகு வந்தவர் 28 மிமீ குழாய் போட்டார், மூன்றும் ஓடும்போது கீசரில் 20 மில்லிபார் நின்றது. முதல் ஆளிடமிருந்து ஒரு காசும் திரும்பவில்லை; குழாயின் விட்டம் எந்தத் தாளிலும் எழுதப்படாததால் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.