புதுச்சேரியில் ‘பிரெஞ்சு ஒயின் தோட்டம்’ என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்

போன மே மாதம் நாங்கள் ஐந்து பேர் 16,000 ரூபாய் கொடுத்து ஒரு கோவைக்காய்ப் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். லீவுக்குப் புதுச்சேரி வருகிற உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது அடுத்து இதில் மாட்டலாம்.

எங்களுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். பெங்களூரிலிருந்து மச்சானும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மச்சானுக்கு ஒயின் என்றால் பிரியம். நந்தி மலைப் பக்கம் உள்ள திராட்சைத் தோட்டங்களுக்கு இரண்டு முறை போய் வந்தவர். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடியபோது அந்த விளம்பரம் வந்தது. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், ஆறு வகை ஒயின் ருசி பார்க்கலாம், சீஸ், மதியச் சாப்பாடு, ஏசி வண்டி, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,200 ரூபாய். படத்தில் ஒரு மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. கோரிமேட்டை விட்டால் புதுச்சேரியில் மேடு ஏது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பாதிப் பணம் 8,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கம்பெனி பெயர் ஒன்று, பணம் போன கணக்கின் பெயர் வேறு ஒன்று. அதையும் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

முதல் நாள் இரவே லாஸ்பேட்டையில் பெரியம்மா மகள் வீட்டில் போய்த் தங்கினோம். அக்காவையும் சேர்த்து ஐந்து பேர். காலையில் பாரதி பூங்கா வாசலுக்கு வந்தது ஏசி வண்டி இல்லை, ஒரு பழைய ஆம்னி. “ஏசி இன்னைக்கு மட்டும் ரிப்பேர் சார்” என்றான் டிரைவர். மீதி 8,000 ரூபாயை ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது கைடு பையன் ஒரு கதை சொன்னான். அரிக்கமேட்டில் 2,000 வருஷத்துக்கு முன்பே ஒயின் தயாரித்தார்களாம், இவர்கள் தோட்டம் அந்தப் பாரம்பரியமாம். எனக்கு அங்கேதான் முதல் சந்தேகம். அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது கிடைத்தவை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஜாடிகளின் ஓடுகள். புதுச்சேரி மியூசியத்தில் அந்த ஊர்ப் பொருள்களை இன்றும் பார்க்கலாம். அப்போதும் இங்கே ஒயின் வந்து இறங்கிய சரக்குதான், விளைந்தது இல்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்டபோதும் அதே கதைதான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். விருந்தாளி முன்னால் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பாகூர்ப் பக்கம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போய் ஒரு பம்புசெட் வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். சுற்றிலும் நெல் வயல். பின்னால் கல்கால் நட்டு, கம்பி இழுத்து, அரை ஏக்கர் இருக்கும், ஒரு பந்தல். “இதுதான் சார் வைன்யார்டு. அறுவடை முடிஞ்சிருச்சு, அதனால பழம் இருக்காது.” மச்சான் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். அக்கா மட்டும் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஒரு பூ. இன்னும் கொஞ்சம் விலக்கினாள், விரல் நீளத்தில் பச்சையாக வரி போட்ட ஒரு காய். காலையில் பறிக்கும்போது தப்பியது போல. “ஏன்டா தம்பி, எங்க வீட்டு மொட்டை மாடியிலயும் வைன்யார்டு வச்சிருக்கேன்டா” என்று என் காதில் சொன்னாள். கைடு கேட்காத மாதிரி நடந்துபோய்விட்டான்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒன்று. நம் மாநிலத்தில் திராட்சை என்றால் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒயினுக்கென்றே வளர்க்கும் திராட்சையும், போய்ப் பார்க்கும்படியான தோட்டங்களும் நாசிக் பக்கமும் நந்தி மலைப் பக்கமும்தான் பெயர் போனவை. பழம் பழுக்கும் நேரத்தில் வெயிலும், ஈரமில்லாத காற்றும், குளிர்ந்த ராத்திரியும் வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் கொடிக்குப் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

சரி, டேஸ்டிங்குக்கு வருகிறேன். மதியம் இரண்டு மணி, தகர ஷெட், ஒரே ஒரு ஃபேன். டீக்கடைப் பேப்பர் கப்பில் ஆறு ஒயின். பாட்டில் கண்ணில் படவே இல்லை, எல்லாம் பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றி எடுத்து வந்தார்கள். சீஸ் என்றது கடையில் விற்கும் க்யூப். வெள்ளிக் காகிதத்தைப் பிரித்து, ஒன்றை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் பல்குத்தி செருகி வைத்திருந்தார்கள். ஐந்து பேருக்கு எட்டுத் துண்டு. நான் எண்ணினேன்.

முதல் கப், இரண்டாவது கப், மூன்றாவது கப், மூன்றும் ஒரே இனிப்பு, ஒரே சூடு. மச்சான் பொறுமையாகத்தான் கேட்டார்: “இதுல எது டிரை தம்பி?” டிரை என்றால் இனிப்பில்லாத ஒயின். பையனுக்குக் கேள்வியே புரியவில்லை. நந்தி மலைப் பக்கம் தான் பார்த்ததை மச்சான் அப்புறம் எனக்குச் சொன்னார். காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் இரண்டு வாய் அளவுதான் ஊற்றுவார்களாம். நிறம் பார்த்து, சுழற்றி, மோந்து, அப்புறம்தான் வாயில் வைப்பார்களாம். இனிப்பில்லாத வெள்ளையில் தொடங்கி, சிவப்புக்குப் போய், இனிப்பைக் கடைசியில் வைப்பார்கள். இனிப்பு முதலில் நாக்கில் ஏறிவிட்டால் மற்றது எல்லாம் புளிக்கும். வெள்ளை ஜில்லென்று இருக்கும், சிவப்பு அவ்வளவு ஜில்லென்று இல்லாமல், 15 முதல் 18 டிகிரியில். குடிக்க விருப்பமில்லாதவர்கள் துப்புவதற்கு ஒரு பாத்திரம்கூட மேஜையில் இருக்குமாம், துப்பினால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எங்கள் சிவப்பு ஒயின் 35 டிகிரிக்குக் குறையாது. துப்புவதற்குக் கோவைக்காய்ப் பந்தல் இருந்தது.

இதோடு விட்டிருந்தால் 16,000 ரூபாயோடு போயிருக்கும். கிளம்பும்போது “செல்லார்ல வச்ச ஸ்பெஷல் பாட்டில்” என்று ஒன்று 2,200 ரூபாய் என இரண்டு பாட்டிலைக் காட்டினார்கள். மச்சான் பாவம், எங்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்றே வாங்கினார். சுருள் எழுத்தில் பிரெஞ்சுப் பெயர், ஒரு கோட்டைப் படம். ராத்திரி அக்கா வீட்டில் பக்கெட்டில் ஐஸ் போட்டு வைத்தோம். அரை மணி நேரத்தில் கோட்டை தண்ணீரில் மிதந்தது. அடியில் அசல் லேபிள், இனிப்புப் போட்ட போர்ட் ஒயின், வேறு மாநிலத்துத் தயாரிப்பு. இதே பாட்டில் புதுச்சேரியில் எந்தக் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

அதனால் பாட்டிலைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண், இதில் எது இல்லை என்றாலும் பணத்தை எடுக்காதீர்கள். முகவரி மகாராஷ்டிரா என்றோ கர்நாடகா என்றோ இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒயின் தயாராகவில்லை. முன்பணம் கேட்டால் தோட்டம் இருக்கும் இடத்தை மேப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “பிக்கப் பண்ணிக்கிறோம் சார், லொக்கேஷன் எதுக்கு” என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் வந்தது.

கடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. “ரெண்டு பாட்டில் வரைக்கும் செக்போஸ்ட்டுல கேக்க மாட்டாங்க” என்று அந்தப் பையன் அடித்துச் சொன்னான். ஆல்பேட்டையில் வண்டியை நிறுத்திச் சோதித்தால் யார் என்ன சொன்னார்கள் என்பது எடுபடாது, புதுச்சேரி பாட்டிலுக்கு வழக்குப் போடுவார்கள். நாங்கள் இரண்டையும் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் போன் செய்தபோது “டூர் போய்ட்டு வந்துட்டீங்கல்ல, அப்புறம் எப்படி ரீஃபண்ட்?” என்றார்கள். அடுத்த போனிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். 1930க்குக் கூப்பிட்டு சைபர் கிரைமில் பதிந்தேன், நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் கொடுத்தேன். புகார் எண் வந்தது. பணம் வரவில்லை. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், விளம்பரப் படம், ஊறிப்போன அந்த லேபிள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள், புகார் கொடுக்கும்போது முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை இன்ஸ்டாகிராமில் காணவில்லை. ஆனால் நேற்று ராத்திரி என் மனைவியின் போனில் வேறு பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. அதே மலைச்சரிவு, அதே கொடி வரிசை. விலை மட்டும் 3,800 ஆகியிருக்கிறது.