லூலிங் தர்பூசணித் திருவிழா: டெக்சாஸ் கோடையில் குடும்பத்தோடு போய்வரத்தக்க ஊர் விழா

டெக்சாஸில் ஜூன் பிறந்துவிட்டால் வெயில் 35 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றாலும் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது என்று நினைத்து, இங்கு வந்த முதல் இரண்டு கோடைகளை நாங்கள் ஏசி அறைக்குள்ளேயே கழித்தோம். ஆனால் இந்த மாநிலத்தின் சிற்றூர்கள் தங்கள் திருவிழாக்களை வைத்துக்கொள்வது இதே வெயிலில்தான். பீச் பழுப்பதும் தர்பூசணி முற்றுவதும் இப்போதுதான் என்பதால், அறுவடையைக் கொண்டாட வேறு காலமும் இல்லை. நம் ஊர்களில் சித்திரை வெயிலில் தேர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவும் இராது. கடந்த மூன்று கோடைகளில் ஆஸ்டினிலிருந்து காரில் போய்ப் பார்த்த விழாக்களில், மறுமுறையும் போனதும் இனியும் போக நினைப்பதும் லூலிங் என்ற சிற்றூரில் நடக்கும் ‘வாட்டர்மெலன் தம்ப்’ விழாவுக்குத்தான்.

லூலிங், ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 45 மைல் தொலைவில், 183ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வழியில் லாக்ஹார்ட் வரும். டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று 1999இல் மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்டுப் பெயர் சூட்டிய ஊர் அது. லூலிங்கை நெருங்கும்போது, ஊர் கண்ணில் படுவதற்கு முன் கச்சா எண்ணெய் வாடை மூக்கில் ஏறிவிடும். நம் ஊர் ஏற்றத்தைப் போலத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி எண்ணெய் இறைக்கும் இரும்பு எந்திரங்கள் ஊருக்குள்ளேயே, கடைகளுக்கு அருகிலும் வீடுகளுக்குப் பின்னாலும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் மேல் பலகையில் உருவங்கள் வெட்டிப் பொருத்தி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். எந்திரம் தலையசைக்க, அதன் மேலிருக்கும் தர்பூசணியும் சேர்ந்து ஆடுவதைப் பார்த்த என் மகள், காரை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் நகரவில்லை.

இந்த எண்ணெய்க்கும் அந்தப் பழத்துக்கும் இடையில் ஒரு மனிதர் இருக்கிறார். மாசசூசெட்ஸிலிருந்து வந்த எட்கர் டேவிஸ், தோண்டிய கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வறண்டுபோன பின்னும் விடாமல் முயன்று, 1922 ஆகஸ்டில் இங்கே எண்ணெய் கண்டார். 1926இல் தம் எண்ணெய்க் கிணறுகளை 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றதும், ஊழியர்களுக்குப் பெருந்தொகையைப் பங்களித்து, நன்றி செலுத்தும் வகையில் ஊர் முழுவதற்கும் விருந்து வைத்தார். பல்லாயிரம் பேர் உண்ட அந்த விருந்து அக்கால வழக்கப்படி வெள்ளையருக்கு ஓரிடத்திலும் கறுப்பினத்தவருக்கு வேறிடத்திலுமாக நடந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே அவர், பருத்தியை மட்டும் நம்பியிருந்த உழவர்களுக்கு மாற்றுப் பயிர்களையும் கால்நடை வளர்ப்பையும் கற்றுத்தர லூலிங் ஃபவுண்டேஷன் என்ற வேளாண் பண்ணையை நிறுவினார். அது இன்றும் நடக்கிறது. தர்பூசணி விழா 1954இல் தொடங்கியது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில், வியாழன் முதல் ஞாயிறு வரை நடைபெறுகிறது.

‘தம்ப்’ என்றால் தட்டுவது. பழத்தைத் தட்டிப் பார்க்கும்போது எழும் ஓசைதான் விழாவின் பெயர். திண்டிவனம் பக்கம் சாலையோரம் குவித்து வைத்திருக்கும் பழங்களில் என் தந்தை ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து விரலால் சுண்டிப் பார்ப்பார். நான்கைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பார். அது தவறியதில்லை. லூலிங் சந்தையில் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் அதையே செய்துகொண்டிருந்தார். எதைக் கவனிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஓசை கணீரென்று ஒலித்தால் இன்னும் காய், அடங்கி ஒலித்தால் பழம் என்றார். பிறகு பழத்தைப் புரட்டி, மண்ணில் படிந்திருந்த பக்கம் வெளிறிய வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் போல மஞ்சளித்திருப்பதைக் காட்டினார். கொடியில் காம்புக்கு அருகிலுள்ள சுருள் காய்ந்து பழுப்பேறிய பிறகே தாம் பறிப்பதாகவும் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை எனக்கு என் தந்தையின் கைதான் கண்ணில் நின்றது.

சனிக்கிழமை காலை ஊர்வலம் விழாவின் முதன்மையான நிகழ்ச்சி. அலங்கார வண்டிகள், குதிரைகள், பழைய டிராக்டர்கள், பள்ளி இசைக்குழு, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தத்தம் விழாவுக்கென்று முடிசூட்டிய இளம்பெண்களான விழா அரசிகள் என்று நீளும் வரிசையை, மடக்கு நாற்காலியோடு வந்த குடும்பங்கள் தெருவின் இருபுறமும் உட்கார்ந்து பார்க்கின்றன. வண்டியில் போகிறவர்களும் ஓரத்தில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். வெளியூரார் நாங்கள் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறோம்; அவர்களோ தங்கள் வீட்டு விசேஷத்தில் இருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை உணர்ந்து ஓரமாக நின்றால், விழா நம்மையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளூர் விவசாயிகள் விளைவித்த மிகப் பெரிய பழங்கள் எடை போடப்பட்டு, பின்னர் ஏலத்துக்கு வருகின்றன. என் மகளால் கட்டிப்பிடித்தும் அசைக்க முடியாத பழத்தை உள்ளூர் வணிகர்கள் சந்தை விலைக்குப் பல மடங்கு கொடுத்து எடுக்கிறார்கள். அவர்கள் விலை வைப்பது பழத்துக்கு மட்டுமன்று, அதை விளைவித்தவரின் உழைப்புக்கும் சேர்த்துத்தான்.

விதை துப்பும் போட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லூலிங்கில் 1989இல் லீ வீலிஸ் என்பவர் ஒரு விதையை 68 அடி 9 அங்குலத்துக்குச் சற்று மேல் துப்பி கின்னஸ் சாதனை படைத்தார். அந்தச் சாதனை 1995 ஆகஸ்டில், இதே மாநிலத்தின் டி லியோன் ஊரில் நடக்கும் பீச், தர்பூசணி விழாவில் முறியடிக்கப்பட்டது. ஜேசன் ஷாயட் துப்பிய விதை 75 அடி 2 அங்குலம் சென்றது. எண்களாகப் படிக்கும்போது வேடிக்கையாகத் தோன்றும் இந்த விளையாட்டை நேரில் பார்த்தால், அதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பது புரியும். பங்கேற்பவர் விதையின் கூர்முனை முன்னே பார்க்குமாறு நாவில் வைத்து, நாவை நீளவாக்கில் குழல்போலச் சுருட்டி, வயிற்றிலிருந்து மூச்சை ஒரே வீச்சில் வெளியேற்றுகிறார். என் மகளின் முதல் விதை அவள் காலணி மேலேயே விழுந்தது. பின்னால் நின்ற ஒரு பாட்டி அவளை அருகில் அழைத்து, கன்னத்தை உப்ப விடாதே, உதட்டை இறுக்கிக்கொள் என்று தம் வாயாலேயே செய்து காட்டினார். அடுத்த விதை ஏறத்தாழ 11 அடி போனது. அளவு நாடாவோடு குனிந்த இளைஞர், பெரியவர்களுக்கு அளப்பது போன்ற அதே கவனத்தோடு அங்குலக் கணக்குவரை அளந்து உரக்க அறிவித்தார். அந்த மரியாதையை அவள் இன்னும் மறக்கவில்லை.

உணவைப் பொறுத்தவரை, இறைச்சி உண்பவர்களுக்கு இந்த ஊர் ஒரு தலம். டேவிஸ் தெருவில் உள்ள சிட்டி மார்க்கெட்டில், பின்புறம் புகை சூழ்ந்த சிறிய அறைக்குள் வரிசையில் சென்று, அடுப்பருகே நிற்பவரிடமே கேட்டு, கசாப்புத் தாளில் வைத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். வளையமாகக் கட்டிய சாசேஜும் பன்றி விலாவும் அங்கே மிகச் சிறப்பு. கடுகுச் சுவை தூக்கலாக இருக்கும் அவர்களுடைய சாஸ் வேறெங்கும் நான் சுவைக்காதது. பிரிஸ்கெட் என்பது மாட்டிறைச்சி என்பதை அறியாமல் வாங்கிவிடும் நம்மவர்கள் உண்டு, கேட்டு வாங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சைவ உணவினருக்கு விழாத் தெருவில் சோளக்கதிர், எலுமிச்சைச் சாறு, வறுத்த உருளைக்கிழங்கு என்ற அளவோடு சரி. நாங்கள் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போய், மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குளிர்ந்த தர்பூசணித் துண்டோடு முடித்துக்கொண்டோம். அதைவிடப் பொருத்தமான மதிய உணவு அந்த வெயிலுக்கு இல்லை.

நிழல் குறைவு என்பதை முன்கூட்டியே அறிந்து செல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குள் ஊருக்குள் நுழைந்து, ஊர்வலத்தையும் போட்டிகளையும் பார்த்துவிட்டு, பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை எங்காவது ஒதுங்கிவிடுவது எங்கள் வழக்கம். ஊருக்குத் தெற்கே, 10ஆம் எண் நெடுஞ்சாலைச் சந்திப்பில் பக்கீஸ் நிறுவனம் 2024 ஜூனில் திறந்த 75,000 சதுர அடிக் கடை இருக்கிறது. குளிர்ச்சிக்கும் தூய்மையான கழிப்பறைக்கும் கைக்குழந்தையோடு வருபவர்கள் அதை நம்பலாம். இரவு இசை நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதியவர்களை அழைத்துச் செல்வதானால் மாலைப் பொழுதே ஏற்றது.

ஒப்பீட்டுக்காக, இன்னொரு நகரில் கோடைப் பழ விழா என்று விளம்பரப்படுத்தப்பட்ட நிகழ்ச்சிக்குச் சென்ற அனுபவத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இணையத்தில் வாங்கிய நுழைவுச்சீட்டுக்கு மேல் வண்டி நிறுத்தக் கட்டணம், வாசலிலேயே எங்கள் தண்ணீர்ப் பாட்டில்களைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஒரு பாட்டில் ஐந்து டாலர், ஒரு கிண்ணம் பழத்துக்கு அரை மணி நேர வரிசை. அத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் கலிபோர்னியா என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்தபோது மனம் விட்டுப்போனது. அந்த மண்ணில் விளையாத பழத்துக்கு, அந்த ஊரார் யாரும் வராத விழா. மேடையில் பாடியவர் மிக நன்றாகவே பாடினார். இருந்தும் நாங்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

பீச் பழத்துக்காகப் போக விரும்புவோர், ஃப்ரெடெரிக்ஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள ஸ்டோன்வால் ஊரில் ஜூன் மூன்றாம் வார இறுதியில் நடக்கும் விழாவுக்குப் போகலாம். குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சனின் பண்ணை அருகிலேயே இருப்பதால் ஒரு நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். இரவில் ரோடியோ என்ற குதிரை, காளைச் சவாரிப் போட்டியும் உண்டு. பீச் மரம் நன்றாகக் காய்க்கக் குளிர்காலத்தில் போதிய நேரம் கடுங்குளிரில் இருக்க வேண்டும், பனி விலகாத வசந்தத்தில் பூத்துவிட்டாலோ பிஞ்சு கருகிவிடும். அதனால் பழம் மலிந்த ஆண்டும் உண்டு, அரிதான ஆண்டும் உண்டு. முன்னதாகப் பழத்தோட்டங்களில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். டாலஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூலையில் வெதர்ஃபோர்டு ஊரின் ஒருநாள் பீச் விழா வசதியானது.

ஜூன் 19ஆம் தேதி கால்வெஸ்டன் என்ற டெக்சாஸ் கடற்கரை நகருக்குப் போவது மட்டும் வேறு வகை. அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் 1863 ஜனவரி முதல் நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. டெக்சாஸில் அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு அதை ராணுவ ஆணையாக அமெரிக்க அரசுப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் அறிவித்தது 1865 ஜூன் 19இல். இரண்டரை ஆண்டு தாமதித்து வந்த அந்தச் செய்தியைத்தான் ‘ஜூன்டீன்த்’ என்று 1866 முதல் கொண்டாடுகிறார்கள். டெக்சாஸ் 1980 முதல் அதை மாநில விடுமுறையாகவும், அமெரிக்க அரசு 2021இல் நாடு தழுவிய விடுமுறையாகவும் ஏற்றன. கிரேஞ்சரின் அலுவலகம் இருந்த இடத்துக்கு எதிரே 2021இல் திறக்கப்பட்ட 5,000 சதுர அடிச் சுவரோவியத்தின் முன் நின்று, அருகிலிருந்த ஒரு தாத்தா தம் பேரனுக்கு அந்த ஆணையின் சொற்களைப் படித்துக் காட்டியதைக் கேட்டோம். பிறகு வழக்கப்படி எல்லோருக்கும் சிவப்பு நிறப் பானம் தந்தார்கள். ஹூஸ்டன் திரும்பும் வழியில் எமான்சிபேஷன் பார்க்கையும் பாருங்கள். இந்த நாளைக் கொண்டாடத் தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1872இல் தங்களுக்குள் பணம் திரட்டி வாங்கிய 10 ஏக்கர் நிலம் அது. லூலிங்கில் இரண்டு இடங்களாகப் பிரித்து விருந்து நடந்ததோ, அதற்கு 54 ஆண்டுகள் கழித்து.

இவற்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் முதலில் கால்வெஸ்டன் என்றும், சிறுவர்கள் என்றால் லூலிங் என்றும் சொல்லி வருகிறேன். லூலிங் போகிறவர்கள் விதையுள்ள பழமாகக் கேட்டு ஒன்றாவது வாங்கி வாருங்கள். சென்ற முறை நாங்கள் வாங்கியதை அந்த முதியவர் சொன்னபடி என் மகளே தட்டித் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக்கு வந்து கத்தி நுனி பட்டதுமே பழம் தானாக விரிந்து பிளந்தது. விதைகளைக் கழுவிக் காயவைத்து, அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கென்று ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள்.