2005 முதல் பிளாக்கரில்தான் எழுதுகிறேன்

இரண்டு முறை பிளாக்கரை விட்டு வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவு மென்பொருளுக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன். இரண்டு முறையும் ஏற்றுமதி செய்த கோப்பை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அங்கே சர்வர், பிளக்இன் (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்) அப்டேட் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுத நேரம் இருக்காது. பிளாக்கரில் அந்தக் கவலையே கிடையாது, அதனால்தான் இத்தனை வருடம்.

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் இதை வெளியிட்டது. எவன் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹனும் அங்கே உருவாக்க நினைத்தது வேறொரு மென்பொருள், திட்டப் பணிகளை நிர்வகிக்க. பக்கவாட்டில் பிறந்த பிளாக்கர்தான் நிலைத்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. வில்லியம்ஸ் அப்புறம் ட்விட்டர், மீடியம் என்று போனார்.

நான் வந்த காலத்தில் வார்ப்புருவில் (வலைப்பதிவின் தோற்றத்தை அமைக்கும் டெம்ப்ளேட்) ஒரு வரியை மாற்றினாலும் மொத்த வலைப்பதிவையும் மறுபதிப்பு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பதிவும் தனி எச்டிஎம்எல் கோப்பு. திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 2006 இல் வந்த புதிய பதிப்பில் அது போனது, கூடவே குறிச்சொற்களும் பக்கப்பட்டையின் பகுதிகளை இழுத்து இடம் மாற்றி வைக்கும் வசதியும் வந்தன. எனக்கு அதுதான் பெரிய திருப்பம்.

தமிழில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பதிவின் முகவரி "பிளாக்-போஸ்ட்" என்றே அமையும், பின்னால் ஒரு எண் மட்டும் மாறும். நூறு பதிவு சேர்ந்தபின் எது எந்தப் பதிவு என்று முகவரியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 2012 முதல் முகவரியை நாமே ஆங்கில எழுத்துகளில் கொடுக்கலாம், வெளியிடும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஒருமுறை வேறொரு தளத்திலிருந்து அழகான வார்ப்புரு ஒன்றை இறக்கிப் போட்டேன். அதன் படங்களும் நிரல்களும் அந்தத் தளத்தின் சர்வரிலேயே இருந்திருக்கின்றன. ஒரு நாள் அந்தத் தளம் காணாமல் போக, என் வலைப்பதிவின் தலைப்பில் வெறும் சாம்பல் கட்டம், மெனுவைத் தட்டினால் எதுவும் திறக்கவில்லை. பழைய வார்ப்புருவைக் கணினியில் சேமித்திருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து பிளாக்கர் தரும் எளிய வார்ப்புருதான்.

பதிவுகளையும் மாதம் ஒருமுறை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி வைக்கிறேன். அதில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படங்களின் இணைப்பு மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது, எனவே அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும். சொந்த டொமைனை (இணைய முகவரியை) இணைக்க பிளாக்கர் கட்டணம் வாங்குவதில்லை, டொமைனுக்கு மட்டும் நாம் பணம் கட்டினால் போதும்.

கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸின் பின்னூட்டத்துக்கு நான் மாறவில்லை. 2019 இல் அது மூடப்பட்டபோது, அதில் எழுதப்பட்ட பின்னூட்டங்கள் வலைப்பதிவுகளிலிருந்து மறைந்தன. பிளாக்கரின் சொந்தப் பெட்டியிலேயே இருந்ததால் என்னுடையவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. என் முதல் பதிவில், திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும் கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்று 2005 இல் ஒருவர் கேட்டிருந்தார். போன மாதம் யாரோ ஒருவர் அந்தக் கேள்விக்கு நேர் கீழே பொறுமையாகப் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.