மார்செய் நகரில் சாப்பிட்டபடி ஒரு நடை: நொவாய் சந்தைக்காகவே போகலாம்

போன மாதம் பிரான்ஸின் மார்செய் போயிருந்தபோது வழிகாட்டியோடு ஊரைச் சுற்றிச் சாப்பிடும் நடை ஒன்றில் சேர்ந்தோம். மூன்றரை மணி நேரம், தலைக்கு 70 யூரோ. கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் நொவாய் சந்தைப் பகுதிக்காக மட்டுமே இன்னொரு முறை கொடுப்பேன்.

ஆரம்பம் பழைய துறைமுகத்தில், காலையில் மீன் விற்கிற கரையில். சுமார் 2,600 வருடத்துக்கு முன் கிரேக்கர்கள் வந்து இறங்கிய துறை. அங்கிருந்து கனெபியேர் சாலையில் கொஞ்ச தூரம் ஏறி வலது பக்கம் திரும்பினால் ஊரே மாறிவிடுகிறது: புதினாக் கட்டு, சீரக வாசனை, வாளி வாளியாக ஆலிவ், அரபியும் பிரெஞ்சும் கலந்து கூவும் வியாபாரிகள். இதுதான் நொவாய். 'மார்செயின் வயிறு' என்பார்கள்.

இங்கே சாப்பிட்ட மஹ்ஜூபா இன்னும் நாக்கில் நிற்கிறது. அல்ஜீரியக்காரர்களின் பலகாரம். கடைக்கார அம்மா உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஊறிய ரவை மாவு உருண்டையைத் தட்டித் தட்டி, கீழே இருக்கும் மேடை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுத்து, அப்படியே தூக்கிக் கல்லில் போட்டு, நடுவில் வதக்கிய வெங்காயம் தக்காளி வைத்து நாலு பக்கமும் மடித்தார். வீச்சு பரோட்டா பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கை வேகம் புரியும். அடுத்து பனிஸ்: கடலை மாவைக் களி மாதிரிக் கிண்டி, ஆறவைத்து, வில்லையாக வெட்டிப் பொரித்தது. இத்தாலியின் ஜெனோவா பக்கத்திலிருந்து வந்த பண்டம். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி.

ஒபாஞ் தெருவில் வழிகாட்டி எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை, நிற்கச் சொன்னார். 2018 நவம்பர் 5 அன்று பழைய வீடுகள் இடிந்து 8 பேர் இறந்த இடம். பல நாட்டு ஏழைகள் வாழும் தெருவில் வீடுகளைக் கவனிக்காமல் விட்டதன் விலை அது. சாப்பாட்டுச் சுற்றுலாதானே என்று அதைத் தாண்டிப் போகாமல் நிதானமாகச் சொன்னாரே, அதற்காகவே அவர் மேல் மரியாதை வந்தது.

குறை ஒன்று உண்டு. பத்துப் பேர்தான் என்று சொல்லிப் பதிவு செய்துவிட்டு பதினான்கு பேரை அழைத்துப் போனார்கள். சந்தை நெரிசலில் பின்னால் வந்தவர்களுக்குப் பாதிப் பேச்சு கேட்கவில்லை, கடைசி இரண்டு இடத்தில் அவசரம் அவசரமாகச் சாப்பிட வேண்டியதாயிற்று. அதனால் பணம் கட்டும் முன் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சைவம் என்று முன்பே சொன்ன என் மனைவிக்கு மட்டும் எல்லா இடத்திலும் சரியாகத் தனித்தட்டு வந்தது.

முடிவில் கையில் கொடுத்தது நவெத், ஆரஞ்சுப் பூ நீர் வாசனையோடு படகு வடிவில் இருக்கும் பிஸ்கட். 1781 முதல் சுட்டுவரும் அடுமனை ஒன்று சென் விக்தோர் மடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னதும் மறுநாளே போய் வாங்கினோம். கல் மாதிரி இருக்கும், காப்பியில் முக்கித்தான் கடிக்க வேண்டும், ஆனால் மூன்று வாரம் ஆகியும் அந்தப் பூ வாசம் டப்பாவைத் திறந்ததும் வருகிறது.